அவரவர் பெயருக்கு அவரவரே

உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கோட்டையில் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. துரைமார் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் துபாஷி வேறொருவர். அவருக்குப் பல்லக்கும் ஜரிகைத் தலைப்பாகையும் உண்டு. எனக்கு ஓர் எழுத்தாணியும் ஏறிப் போக ஒரு தோணியும்தான். கோட்டையில் புதிதாக உத்தரவு போட்டால், துபாஷி சொல்லச் சொல்ல அதை ஓலையில் எழுதிக்கொண்டு, பழவேற்காட்டுக் கடைத்தெருவிலும் ஏரிக்குள்ளும் கரையிலுமாகக் கிடக்கிற குப்பங்களிலும் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். படிப்பது பெரிய காரியமில்லை. படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பதில் சொல்வதுதான் வேலை.

உப்பு விற்பவர்கள் முத்திரை குத்திய படியால்தான் அளக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. பழைய படியை உடைத்துவிட வேண்டுமா, வீட்டில் வைத்து அரிசி அளந்துகொள்ளலாமா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கோட்டைப் பக்கம் நாற்றம் அடிக்காதபடி கருவாடு காயப்போட வேண்டும் என்று இன்னொன்று. காற்று வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறும் என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை. வெடிமருந்துச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்று வந்தபோது, பணியாரம் சுட்டு விற்கிற ஒருத்தி, கூப்பிடுவது தானா தன் வீட்டுக்காரரா என்று கேட்டாள். அவள் குரல் அக்கரை வரை போகும். நியாயமான கேள்விதான். நான் கோட்டைக்குத் திரும்பிப் போய்க் கேட்டு, இருநூறு தப்படி என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வழவழா கொழகொழாப் பேச்சைக் கண்டால் ஆகாது. அதனால் ஒவ்வோர் ஓலையின் அடியிலும் ‘செய்ய வேண்டியது’ என்று போட்டு நானே இரண்டு வரி சேர்த்துவிடுவேன். குப்பத்துக் கூட்டத்தாரும் சில்லறைக் கடைக்காரர்களும் உத்தரவை மறந்தாலும் என் இரண்டு வரியை மறக்க மாட்டார்கள் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். பாடு உத்தரவுக்கும் அப்படித்தான் இரண்டு வரி எழுதினேன்.

பாடு என்றால் ஏரியில் மீன் ஓட்டம் உள்ள இடம். ஏரி பார்க்க எங்கும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வலை வைக்கத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை வைப்பது என்பதைக் குப்பத்துக் குடும்பத் தலைவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நாட்டாண்மைக்காரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவன் "இருக்கேன்" என்பான். உடனே அவன் பெயருக்கு ஒரு துண்டு ஓலை குடத்துக்குள் போகும். பெயர் கூப்பிடப்படாதவன் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரிவது கஷ்டம்.

இரண்டு குப்பங்களுக்குள் பாட்டைப் பற்றி ஒரு வழக்கு கோட்டை வரை போனது. ஒரே ஆள் இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருந்ததுதான் தகராறு. அதை விசாரித்த அதிகாரி நல்ல மனுஷர், கத்தாமல் பேசுகிறவர். ஊர் வழக்கத்தில் தலையிட அவருக்கு விருப்பமில்லை. யார் யாருக்குப் பாட்டு உரிமை என்று ஒரு சரியான பட்டியல் இருந்தால் போதும் என்றார். உத்தரவு இப்படி வந்தது. ஊர்ப் பட்டியலை வைத்து நான் மூன்று கூட்டம் கூட்டி மூன்று முறை பெயர் கூப்பிட வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லக்கூடாது. மூன்றாம் முறை பதில் சொன்னவன் கையிலேயே சூட்டு முத்திரை போட்ட வட்டமான மர வில்லை ஒன்றைக் கொடுக்க வேண்டும். வில்லை வாங்காதவன் பெயர் அடிபட்டுப் போகும். அவன் முறை அடுத்த குடும்பத்துக்குச் சேரும்.

நான் அடியில் எழுதினேன்: செய்ய வேண்டியது, அவரவர் பெயருக்கு அவரவரே குரல் கொடுக்கவும், பிறர் பெயருக்கு வாய் திறக்கிறவன் தன் முறையையும் இழப்பான். பின்பாதி உத்தரவிலேயே கிடையாது. ஜனங்கள் கொஞ்சம் பயந்தால்தான் கேட்பார்கள் என்று நானாகச் சேர்த்தது.

ஏரிக்குள் பசியாவரத்துக்கு வடக்கே மணல்திட்டின் மேல் ஒரு குப்பம். முதல் கூட்டம் அங்கே மார்கழியில் நடந்தது. என்னைக் கூட்டிப் போகிற படகோட்டிதான் தமுக்கும் அடிப்பான். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. விடிந்து இரண்டு நாழிகை ஆகியும் பனி விலகவில்லை. தோணியின் முன்முனைகூடக் கண்ணுக்குத் தெரியாமல்தான் போனோம். கரையில் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பெண்கள் தள்ளி, வலை காயப்போடுகிற கொம்புகளுக்குப் பின்னால் நின்றார்கள். பாட்டுக் கூட்டத்தில் அவர்கள் பேசும் வழக்கம் இல்லை.

நான் உத்தரவைப் படித்தேன். என் இரண்டு வரியை இரண்டு தரம் படித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் பிடுங்கியெடுக்கிற ஜனங்கள் அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டாண்மைக்காரர் மட்டும், எல்லாப் பெயரையும் படித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். எல்லாப் பெயரையும்தான் என்றேன்.

பாதிப் பட்டியலுக்கு மேல் ஒரு பெயர். நான் கூப்பிட்டதும் முன்வரிசையில் ஒரு நரைத்த ஆள் வாயைத் திறந்தார். அவருடைய பெயரை நான் ஏற்கெனவே கூப்பிட்டு, அவர் பதிலும் சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இது உன் பெயரா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் வாயை மூடு என்றேன். அவ்வளவு பெரிய மனுஷரை எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னேன். அவர் மூடிக்கொண்டார்.

பெயரை மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். எழுத்தாணியை எடுத்துப் பெயருக்கு எதிரே வரவில்லை என்று குறிக்கப் போனேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்ப் பக்கமிருந்து, "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. சாதாரணக் குரல்தான். தூக்கத்திலிருந்து எழுப்பியவன் குரல்போல் கொஞ்சம் கட்டியிருந்தது, அவ்வளவுதான். யாரோ தாமதமாகத் தோணியில் வருகிறான் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்று குறித்துக்கொண்டேன். நாட்டாண்மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "அடுத்த பேரப் படிங்க சாமி" என்றார்.

திரும்பும்போது கரையில் எங்கள் தோணியைத் தவிர புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பசி.

இரண்டாம் கூட்டம் தை கடைசியில். உச்சிவேளை, பனி இல்லை, காற்று இல்லை. ஏரி எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. எட்டத்தில் பூநாரைகள் நின்றிருந்தன, அவற்றுக்கு அப்பால் ஒரு பாய்கூடத் தெரியவில்லை. இந்த முறை என் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, பெயர் கூப்பிடும் முன் ஆட்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர். பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர். ஆக ஒருவன் வரவில்லை, ஒரு பெயருக்குப் பதில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது யார் என்று கேட்டுவிட்டு வேலையை முடிக்கலாம்.

நாற்பத்திரண்டு பெயருக்கும் பதில் வந்தது.

அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நான் வேண்டுமென்றே ஏரியைப் பார்த்து நின்றேன். குரல் முன்னைவிடக் கிட்டத்தில் வந்தது. தண்ணீர் முழங்காலளவு இருக்கிற இடம். அடியில் மணல்கூடத் தெரிகிறது. அங்கே ஒரு வட்டம் மட்டும் விரிந்து விரிந்து கரைக்கு வந்தது, மீன் துள்ளினால் வருமே அதுபோல. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்கள். மிச்சப் பெயர்களை எப்படிப் படித்தேன் என்று தெரியாது.

தோணி நடு ஏரிக்கு வந்த பிறகுதான் படகோட்டியிடம் கேட்டேன், அந்தப் பெயர் யாருடையது என்று. மூன்று மழைக்கு முன் முகத்துவாரத்தைத் தாண்டி கட்டுமரத்தில் போனவன், கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை என்றான். அவன் பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் குப்பத்தில்தான் இருக்கிறார்கள். ஆண் பிள்ளை இல்லை. அவன் செத்தான் என்று ஆகிவிட்டால் முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும் என்பதால் ஊரே அவனை உயிரோடு வைத்திருக்கிறது. அவன் முறை வரும் நாளில் பங்காளிகள் வலை வைத்து மீனை அந்த வீட்டில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"நீங்க கேக்கலியே" என்றான்.

ஓலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ நாணலுக்குள் ஒளிந்து குரல் கொடுத்திருப்பான், மீனவர்கள் எமகாதகர்கள், என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தத் திட்டில் ஆள் ஒளியும் அளவுக்கு நாணல் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

காணாமல் போனவன் பெண்டாட்டியே என்னைத் தேடி வந்தாள். கடைத்தெருவில் கருவாடு விற்கிறவர்களுக்குக் காற்று உத்தரவைப் பற்றி ஐந்தாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி கூடையோடு நின்றாள். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால், பட்டியலில் இருபத்தேழாவது பெயர் என்றாள். வில்லையை எப்படியாவது தந்துவிடும்படி கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உத்தரவில் இல்லாததை நான் செய்ய முடியாது என்று முந்திக்கொண்டு சொன்னேன். கோட்டைக்கு நான் செய்துகொடுத்த சத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் பெரிதாகவே பேசினேன். பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மூணாவது தபா கூப்புடாதீங்க சாமி" என்றாள்.

கூப்பிடாவிட்டால் பெயர் அடிபட்டுவிடும் என்றேன். தெரியும் என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொல்லத் தொடங்கினாள். முதல் கூட்டம் முடிந்த அன்றிலிருந்து வீட்டுக்குள் சேற்று நாற்றம். மண்ணெடுத்து மெழுகியும் போகவில்லை. இரண்டாம் கூட்டத்துக்கு அப்புறம் காலையில் எழுந்தால் உள்தாழ்ப்பாள் விலகியிருக்கிறது. மூலையில் குவித்து வைத்திருக்கிற அவருடைய வலை, மூன்று வருஷமாக யாரும் தொடாதது, ஈரமாக இருக்கிறது.

"சின்னது சொல்லுது, நைனா வலை மேல குந்தினுகீறாருன்னு. அவுரு போவும்போது அது வயித்துல இருந்துச்சி சாமி. நைனா மூஞ்சியே அதுக்குத் தெரியாது."

அவர் வந்தால் நல்லதுதானே என்று நான் ஒரு மடத்தனமான வார்த்தை சொன்னேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுரு வர வாணாம் சாமி. சாவாம இருந்தா போதும்."

பிறகு நிதானமாக, நான் உப்பு விற்பவர்களுக்குப் படியைப் பற்றி விளக்குவேனே அதுபோல, எனக்கு விளக்கினாள். கடலில் போய்த் திரும்பாதவன் பெயரைக் கூப்பிட்டால் உடனே ஒரு பங்காளி குரல் கொடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சுகூட இடைவெளி விடக்கூடாது. முறையைக் காப்பாற்றுவதற்காக மட்டுமில்லை. கூப்பிட்ட பெயர் பதில் இல்லாமல் நின்றால், பெயருக்கு உரியவன் தானே பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். அவனை அந்தக் கஷ்டத்துக்கு ஆளாக்கக் கூடாது என்றுதான் இன்னொருவர் சொல்வது. நான் வாயை மூடச் சொன்ன பெரியவர் அவள் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர். இப்போது அவருக்கும் பயம், தன் வீட்டு முறையும் போய்விடும் என்று. என் இரண்டாவது வரி அப்படிச் சொல்கிறதே.

அவள் போன பிறகு நான் கடைத்தெருவிலேயே நெடுநேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

மறுநாள் அதிகாரியிடம் போனேன். பேயைப் பற்றிப் பேச முடியுமா. ஊர் வழக்கம் என்று மட்டும் சொன்னேன்: வராதவனுக்காக உறவினர் பதில் சொல்லலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமா? துபாஷி அதை எடுத்துச் சொன்னார். அதிகாரி எரிச்சல்படவில்லை. ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லலாம் என்றால் செத்தவன் நூறு வருஷம் முறை வைத்திருக்கலாமே, அந்த வழக்குக்காகத்தானே இவ்வளவும் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானே ஆறு மாதத்துக்கு முன் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நான் சேர்த்த பின்பாதியையாவது எடுத்துவிடுகிறேன் என்று ஓலையின் அந்த நுனியை அங்கேயே கிள்ளிப் போட்டேன். ஆனால் பிறர் பெயருக்குப் பதில் கூடாது என்பது உத்தரவு. அதைக் கிள்ள முடியாது.

மூன்றாம் கூட்டம் மாசியில், பின்மதியத்தில். போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். பெயரை விட்டுவிட்டால் அவள் வீட்டு முறை அன்றோடு போகும். இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் கருவாட்டுக் கூடையை நம்பிக் கிடக்க வேண்டும். கூப்பிட்டால் அவன் வில்லை வாங்க வருவான். உத்தரவின்படி வில்லையை நான் அவன் கையில் வைக்க வேண்டும். அந்தக் கையை நினைத்துப் பார்த்ததும் தோணி விளிம்பில் வைத்திருந்த என் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

குப்பத்தில் அன்று கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. குழந்தைகளைக் காணோம். முன்வரிசை தண்ணீரை விட்டு நன்றாகவே தள்ளி உட்கார்ந்திருந்தது. வில்லைகள் ஒரு சாக்கில் என் காலடியில் இருந்தன. ஒவ்வொருவராக வந்து பதில் சொல்லி, கையை நீட்டி வாங்கிப் போனார்கள். இருபத்தாறு பேர். இருபத்தேழாவது வில்லையைக் கையில் எடுத்தேன். வலைக் கொம்புகளுக்குப் பின்னால் அவள் தன் பெரிய பெண்ணின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். சின்னது அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. பெரியப்பா மகன் என்னையே பார்த்தார். அவர் வாய் பாதி திறந்திருந்தது. அவர் சொல்லியிருப்பார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் நான்தானே அவர் வாயை மூடச் சொன்னவன். நான் செய்த கோளாறுக்கு அவரை ஏன் மாட்டிவிட வேண்டும்?

பெயரைக் கூப்பிட்டேன்.

என் இடது தோளுக்குப் பக்கத்தில், காதுமடலில் படுகிற அளவு கிட்டத்தில், யாரோ பேசுவதற்காக மூச்சை உள்ளிழுத்தார்கள். ஈர மூச்சு. அதில் சேற்று வாசம் இருந்தது. நான் திரும்பவில்லை. "இருக்கேன்" என்று நான் சொன்னேன். என் வாழ்நாளில் கோட்டை ஓலைக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம் அது. அதையும் பெரிய குரலில் சொன்னேன், அக்கரை வரை கேட்கிற மாதிரி. பிறகு வில்லையை என் வலது கையிலிருந்து என் இடது கையில் வைத்துக்கொண்டு, சரி என்று குறித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. உள்ளிழுத்த மூச்சு வெளியே வந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அடுத்த பெயரைப் படித்தேன். அவன் வந்து வாங்கிக்கொண்டான். கூட்டம் முடிந்ததும் நாட்டாண்மைக்காரர் என் இடது கையிலிருந்த வில்லையை எடுத்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வில்லையை முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். என் கை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் துடைத்த இடம் நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது தோணி ஏறினோம். பாதி ஏரி வந்திருக்கும். எனக்கு உடம்பு லேசாகி, ஒரு பாட்டுக்கூட முணுமுணுக்கலாம் போலிருந்தது. பொய் எழுதிவிட்டேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது தோணிக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து, ஒரு குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அந்த ஏரியில் என் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் சாமி, அல்லது ஓலைக்காரர். என் அம்மா வைத்த பெயர் அது. அவள் கூப்பிடுகிற மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம். வாய் தானாகத் திறந்துவிட்டது. படகோட்டி துடுப்பைத் தண்ணீருக்குள் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தான். அது உன் பெயரா என்று கண்ணால் கேட்டான். நான் தலையசைத்தேன். அவன் திரும்பி, ஏரியைப் பார்த்து, "இருக்கேன்" என்றான். பக்கத்துத் தோணிக்காரனுக்குப் பதில் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அப்புறம் துடுப்புப் போடத் தொடங்கினான்.

நான் அழுதேன். பயத்தில் என்று அவன் நினைத்திருக்கலாம். அவனுக்கு நான் ஒரு நல்ல வார்த்தைகூட அதுவரை சொன்னதில்லை. தமுக்கைச் சரியாக அடிக்கவில்லை என்று திட்டியதுதான் மிச்சம்.

கரை தெரிந்த பிறகு அவன் தானாகவே பேசினான். செத்தவன் பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகு நான் முந்திக்கொண்டுவிட்டேன், பங்காளிகள் உடனே சொல்லிவிடும்போது அவன் எழுந்திருக்கவே மாட்டான், அதுதான் வித்தியாசம் என்றான். "வாயில நின்ன பேச்ச எங்கனா எறக்கி வெக்கணுமில்ல. உங்க பேர்ல எறக்கினான்." இனிமேல் நான் தண்ணீர் மேல் வரக்கூடாது என்றும் சொன்னான். ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறான். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. அதுதான் நான் படித்த உத்தரவு.

நான் ஊர் சுற்றுகிற வேலையிலிருந்து மாற்றிக் கேட்டேன். காரணம் மூட்டுவலி. அதிகாரி என்னைக் கோட்டைக்குள்ளே சரக்குக் கிட்டங்கியில் உட்கார வைத்தார். வேலை முடிந்து ஓய்ந்த பிறகு, ஏரியை விட்டுத் தள்ளி, அனுப்பம்பட்டுப் பக்கம் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். இங்கே கிணறு மட்டும்தான். கிணற்றடிக்கும் நான் போவதில்லை. மகள் தண்ணீர் மொண்டு வந்து வைக்கிறாள். என்ன பிடிவாதம் இது என்று அவள் திட்டும்போது மூட்டுவலி என்று சொல்லிவிடுகிறேன்.

படகோட்டி வருஷத்துக்கு ஒரு முறை, பாட்டுச் சீட்டு முடிந்ததும், கொஞ்சம் காய்ந்த இறாலோடு வருவான். அவன் சொல்லித்தான் தெரியும். கோட்டைப் பட்டியலுக்கு அப்புறமும் குப்பத்தில் அவர்கள் பழையபடி பெயர் கூப்பிட்டுத்தான் சீட்டுப் போடுகிறார்கள். இருபத்தேழாவது பெயருக்குப் பெரியப்பா மகன் வீட்டார் குரல் கொடுக்கிறார்கள். நாற்பத்திரண்டும் முடிந்த பிறகு நாட்டாண்மைக்காரர் இன்னொரு பெயரைக் கூப்பிடுகிறார். அதற்குப் பாடு கிடையாது, குடத்தில் ஓலை போடுவதும் கிடையாது. அது என் பெயர், ஏரியில் கேட்டதைப் படகோட்டிதான் போய்ச் சொல்லியிருக்கிறான். ஏரி கூப்பிடும் முன் ஊர் கூப்பிட்டுப் பதிலும் சொல்லிவிட்டால் அந்த வருஷத்துக்கு நான் தப்பினேன் என்பது அவர்கள் கணக்கு. பதில் சொல்கிறது அவள், அந்த வில்லையைத் துடைத்தவள். பாட்டுக் கூட்டத்தில் பெண் பேசும் வழக்கம் இல்லைதான், யாரும் தடுக்கவில்லையாம்.

போன மாசியில் வந்தபோது அவனுக்கே இரண்டு முன்பற்கள் போயிருந்தன. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தலை நரைத்துவிட்டது, இருமல் விடவில்லை, இந்த வருஷம் ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் கொஞ்சம் திணறினாள் என்றான். அவளுக்கு அப்புறம் யார் என்று கேட்க வெட்கமாக இருந்தது. என் உயிருக்கு நான் ஆள் தேடுவதுபோல் ஆகிவிடுமே. முறத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் இறாலை முறத்தில் கொட்டிவிட்டுக் கூடையைத் தட்டினான்.

"சின்னப் பொண்ணு பழகினுகீது சாமி" என்றான். "அடுத்த வருசம் அது சொல்லும்."